தொட்ட கைகளைத் தேடி: இறந்தே பிறந்த குழந்தைகளும் குடும்ப வரலாறும்



என் ஆச்சியிடம் பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும்: "பெத்தது ஏழு, நின்னது நாலு." நின்ற நால்வரை எனக்குத் தெரியும். என் அம்மா, பெரியம்மா, இரண்டு மாமாக்கள். நிற்காத மூவரில் ஒருவன் மூன்று வயதில் அம்மை கண்டு போனான். ஒருத்தி பால்குடி மறக்குமுன் காய்ச்சலில் போனாள். இருவருக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, அழுதுகொண்டே சொல்லும் கதை உண்டு. மிச்சமுள்ள ஒன்றைப் பற்றி மட்டும் ஆச்சி ஒரு வாக்கியத்துக்கு மேல் சொன்னதில்லை: "அது சத்தமில்லாம வந்துது." ஆணா பெண்ணா என்பது அவளுக்கே தெரியாது. காட்டாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு அடுத்துப் பிறந்த மாமாவுக்குப் பிச்சையா என்று பெயர் வைத்தார்கள்.

பின்னாளில் திருமணமாகி இங்கிலாந்து போனேன். அங்கே ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தின் வாசிப்புக் கூடத்தில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். குடும்ப வரலாறு தேடுவதில் அந்த நாட்டு மக்களுக்கு அப்படியொரு ஈடுபாடு. ஓய்வுபெற்றவர்கள் பென்சிலும் நோட்டுமாகக் காலையிலேயே வந்து உட்காருவார்கள். பாட்டனையும் பூட்டனையும் தேடுகிறவர்கள் உரக்கப் பேசுவார்கள். சிலர் மட்டும் மேசைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்துவார்கள். "எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒன்று..." என்று தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்த மீதி வாக்கியம் எனக்கு ஆச்சி வீட்டிலேயே பழக்கமானது.

அப்படி வந்தவர்களுக்காகத் தேடித்தேடி நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பிறப்புப் பதிவேடு, இறப்புப் பதிவேடு என்று ஏட்டின் பெயரைப் பார்த்துத் தேடினால் இந்தக் குழந்தைகள் அகப்படமாட்டார்கள். அந்தக் குழந்தையை யார் யார் கை தொட்டது என்று கேட்க வேண்டும். ஏந்திய கை, துணியில் சுற்றிய கை, பெட்டி செய்த கை, குழி வெட்டிய கை. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் கூலிக்காகவோ சட்டத்துக்குப் பயந்தோ எங்கேயாவது ஒரு வரி எழுதியிருப்பார்கள். இன்று நான் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியே பேசப்போகிறேன். எல்லாவற்றையும் எழுதிவைத்த நாடு அது. அப்படிப்பட்ட நாடே இந்தக் குழந்தைகளைத் தன் தேசியப் பதிவில் எவ்வளவு காலம் எழுதாமல் விட்டது என்பதைப் பார்த்தால்தான், எழுதப்பட்ட இடங்களின் அருமை தெரியும்.

இங்கிலாந்தின் தேவாலயங்கள் 1538 முதல் பதிவேடு வைக்கத் தொடங்கின. அவை எழுதியது பிறப்பை அல்ல, ஞானஸ்நானத்தை. இறப்பை அல்ல, அடக்கத்தை. இறந்தே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. 1662-ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூலோ, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர், சபையிலிருந்து விலக்கப்பட்டவர், தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் அடக்க ஆராதனை கூடாது என்று விதித்தது. கண் திறக்காத பச்சைமண்ணைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்தினார்கள். இதை வாசித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

விதி அப்படி இருந்தும் இளகிய மனம் படைத்த கோயில் எழுத்தர்கள் இருந்தார்கள். "இன்னாரின் இறந்து பிறந்த பிள்ளை" என்று பக்க ஓரத்தில் ஒரு வரி கிடைக்கும். இன்னும் பழைய ஏடுகளில் 'கிரியேச்சர்' என்ற விநோதமான பெயர் தட்டுப்படும். படைப்பு, சீவன் என்று பொருள். குழந்தை முழுதாக வெளிவருமுன்பே உயிர் போய்விடும் என்று அஞ்சினால் மருத்துவச்சியே நீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சபை அனுமதித்திருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத நேரத்தில் என்ன பெயர் சொல்வது? 'சீவன்' என்று சொல்லி நீர் தெளித்தார்கள். அந்தப் பெயரைக் கண்டால் அதற்குப் பின்னால் ஒரு மருத்துவச்சியின் பதற்றம் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

லண்டன் மாநகரில் வாராவாரம் சாவுக் கணக்கு அச்சிட்டார்கள். கொள்ளைநோய் வருகிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. வீடு வீடாகப் போய்ச் சடலத்தைப் பார்த்துக் காரணம் சொன்னவர்கள் ஏழைக் கிழவிகள். அந்தக் கணக்கில் கருச்சிதைவும் இறந்து பிறந்ததும் சேர்ந்து ஒரு தனி இனமாகவே இருந்தன. ஜான் கிராண்ட் 1662-இல் இந்தக் கணக்குகளை வைத்து எழுதிய நூல்தான் மக்கள்தொகை ஆய்வுக்கே தொடக்கம் என்பார்கள். அதில் எண் உண்டு, பெயர் இல்லை. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. ஆனால் அக்கிழவிகள் கதவைத் தட்டினார்கள், பார்த்தார்கள், எண்ணினார்கள் என்ற அளவில் அது எனக்கு ஆறுதல்.

பெயரோடு கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அது நீதிமன்றம். 1624-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மணமாகாத பெண் தன் குழந்தையின் சாவை மறைத்தாள் என்றால் அவளே கொன்றாள் என்று வைத்துக்கொண்டது. குழந்தை இறந்தேதான் பிறந்தது என்று ஒரு சாட்சியைக் கொண்டாவது அவள்தான் மெய்ப்பிக்க வேண்டும். தனியறையில், இருட்டில், வாயில் துணியை அடைத்துக்கொண்டு பெற்ற வேலைக்காரப் பெண் சாட்சிக்கு எங்கே போவாள்? 1803-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு விவரங்கள் 1674 முதல் அச்சில் உள்ளன. இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம். அவற்றில் ஒரு பழக்கம் என்னை மிகவும் கலங்க வைத்தது. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் சார்பில் அவள் தைத்து வைத்திருந்த குழந்தைத் துணிகளைக் காட்டுவார்கள். தொப்பி, சட்டை, சுற்றும் துணி. பிள்ளைக்காகத் துணி தைத்தவள் அதைக் கொல்ல நினைத்திருக்கமாட்டாள் என்பது வாதம். நடுவர்கள் அதை ஏற்றுப் பல பெண்களை விடுவித்திருக்கிறார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் ஒரு முழத் துணி வந்து சாட்சி சொல்லியிருக்கிறது. அந்தக் குழந்தை அணியாத சட்டையின் விவரம் முந்நூறு ஆண்டு கழித்தும் எழுத்தில் இருக்கிறது.

இனி அரசுப் பதிவுக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு இறப்பைப் பதிவது 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. தொண்ணூறு ஆண்டுக்காலம், மிகச் சரியாகச் சொன்னால் 1927 ஜூலை 1 வரை, இறந்தே பிறந்த குழந்தைக்கு அதில் இடமே இல்லை. பிறக்கவில்லை, ஆகவே பிறப்பு இல்லை. வாழவில்லை, ஆகவே இறப்பு இல்லை. சட்டத்தின் கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே தேடத் தொடங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: குழந்தை அழுததா? ஒரு கணம் மூச்சு விட்டிருந்தாலும் அதற்குப் பிறப்பு வரியும் உண்டு, இறப்பு வரியும் உண்டு. பல வீடுகளில் ஒரு மணி நேரம் இருந்து போன பிள்ளையைக்கூடப் "பிறக்கும்போதே போய்விட்டது" என்றுதான் சொல்வார்கள். ஆகவே முதலில் இறப்புப் பட்டியலைப் பாருங்கள். பெயர் வைக்காத குழந்தைகள் அங்கே குடும்பப் பெயரோடு வெறும் 'ஆண்', 'பெண்' என்று நிற்கும். பதிவு அலுவலகம் இணையத்தில் வைத்துள்ள பிறப்புப் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருப்பதால் இன்று இந்தத் தேடல் முன்னைவிட எளிது. அங்கே இல்லை என்று உறுதியான பிறகுதான் கைகளைத் தேடப் புறப்பட வேண்டும்.

முதலில் குழி வெட்டியவர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரங்களில் பொதுக் கல்லறைத் தோட்டங்கள் வந்தன. நகராட்சி நடத்தியது, கட்டணம் வாங்கியது, ஆகவே கணக்கு எழுதியது. 1874-ஆம் ஆண்டின் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. அந்தக் காலத்தில் பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லிச் சாகவிட்ட கொடுமை அம்பலமாகி, 1870-இல் லண்டனில் மார்கரெட் வாட்டர்ஸ் என்பவள் தூக்கிலிடப்பட்டிருந்தாள். உயிரோடு பிறந்து இறந்த குழந்தையை 'இறந்தே பிறந்தது' என்று சொல்லிப் புதைத்துவிட முடியும் என்ற அச்சம் எங்கும் இருந்தது. ஆகவே, மருத்துவர் எழுதிய சான்றோ, மருத்துவர் இல்லாவிட்டால் உறுதிமொழியோ இல்லாமல் இறந்தே பிறந்த குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விடக்கூடாது என்று சட்டம் வந்தது. குழந்தையின்பால் உள்ள அக்கறை அதில் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தின் தயவில் ஒரு காகிதம் பிறந்தது.

கல்லறைத் தோட்டத்து ஏடுகளை நேரில் பார்த்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பழக்கம் தெரியும். சில ஊர்களில் இந்தக் குழந்தைகளுக்குத் தனி நோட்டு. சில ஊர்களில் மற்றவர்களோடு சேர்த்தே எழுதினாலும் வரிசை எண் கொடுத்திருக்கமாட்டார்கள். "இன்னாரின் இறந்து பிறந்த குழந்தை, இன்ன தெரு" என்று தகப்பன் பெயர் மட்டும் இருக்கும். ஆகவே பெயரைக் கொண்டு கணினியில் தேடினால் வராது. தேதியைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் சில வாரங்கள் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பல குழந்தைகளுக்குத் தனிக்குழியும் இல்லை. அன்று அடக்கமான, உறவே இல்லாத ஒரு பெரியவரின் பெட்டியில் காலடியில் வைத்து அனுப்பிய வழக்கமும் இருந்தது.

அடுத்தது மருத்துவச்சி. 1902-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. பார்த்த பிரசவங்களை ஏட்டில் எழுதவேண்டும் என்று விதி. அந்தச் சிறிய ஏடுகளில் பல அழிந்துவிட்டன. தப்பியவை காப்பகங்களில் உள்ளன. 1907-இல் இன்னொரு சட்டம்: 28 வாரம் கடந்து பிறக்கும் எந்தக் குழந்தையானாலும், உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும், 36 மணி நேரத்துக்குள் ஊர்ச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முதலில் விரும்பிய ஊர்கள் மட்டும் கடைப்பிடித்தன. 1915 முதல் நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. பதிவாளர் அலுவலகம் எழுத மறுத்த குழந்தையைச் சுகாதார அலுவலகம் எழுதியது. 1927-க்கு முன்பே ஒரு தேசம் இக்குழந்தைகளைக் கணக்கில் வைத்திருந்தது என்றால் இந்த ஏடுகளில்தான்.

1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்ட கணக்கெடுப்பு அது. என் ஆச்சியிடம் கேட்பதுபோலவே! ஆனால் "உயிரோடு பிறந்த" என்ற சொல் படிவத்தில் அச்சாகியிருந்தது. படிவத்தை நிரப்பியவர்களில் சிலர் அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. சிலர் கவனித்தும் மனம் ஒப்பாமல் எல்லாரையும் எழுதிவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். பதிவேடுகளில் கிடைப்பதைவிடத் தாய் சொன்ன எண் ஒன்று கூடுதலாக இருந்தால், அவள் கணக்குத் தெரியாதவள் என்று ஒதுக்காதீர்கள். தேடுங்கள்.

1927-இல் இறந்தே பிறந்தவர்களுக்கென்று தனிப் பதிவேடு வந்தது. ஸ்காட்லாந்தில் 1939-இலும் வட அயர்லாந்தில் 1961-இலும் வந்தது. வந்ததே ஒழிய, அந்த ஏட்டின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் பெற்றோர் விண்ணப்பித்தால் சான்று கொடுப்பார்கள். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டால், அவர்கள் இறந்த தேதிகளைச் சொல்லி உடன்பிறந்தோர் கேட்கலாம். பேரன் பேத்திக்கு உரிமை இல்லை. பெற்றவளின் துயரத்தைத் தெருவில் கடைபரப்பக் கூடாது என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1930-இல் பிறந்த குழந்தைக்கு இன்று பெற்றோர் இல்லை, உடன்பிறந்தோரும் அரிது. கேட்க உரிமை உள்ளவர் எல்லோரும் போன பிறகும் கதவு மூடியே இருப்பது சரியில்லை. நெடுங்காலம் அந்த ஏட்டில் குழந்தைக்குப் பெயர் எழுதக் கட்டம்கூட இல்லை. 1980-களில்தான் பெயர் எழுத இடம் கொடுத்தார்கள். 28 வாரம் என்ற எல்லை 1992 அக்டோபரில் 24 ஆகக் குறைந்தது. அதற்கும் முன்பே போய்விட்ட கருவுக்கு, பெற்றோர் விரும்பினால் ஒரு சான்றிதழ் தரும் ஏற்பாடு 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் வந்திருக்கிறது.

வாசிப்புக் கூடத்துக்கு ஒருநாள் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். 1960-களின் தொடக்கத்தில் அவருடைய முதல் பிரசவம். ஒரு மருத்துவமனையில் நடந்தது. குழந்தையைக் காட்டவில்லை. கணவரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வீட்டுக்குப் போய் அடுத்ததைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைய மருத்துவத்தில் அதுதான் கருணை என்று கருதப்பட்டது. கணவர் காலமான பிறகுதான் இவருக்குக் கேட்கத் துணிவு வந்தது. மருத்துவமனையின் ஏடுகளைக் கேட்டோம், இல்லை என்றார்கள். பிறகு பெட்டி செய்தவரின் கையைப் பிடித்தோம். அந்த மருத்துவமனைக்கு ஒப்பந்தத்தில் அடக்க வேலை செய்த கடை இன்னும் இருந்தது. பழைய நாட்குறிப்பு மேல்மாடிப் பெட்டியில் கிடந்தது. சின்னப் பெட்டி ஒன்று, தேதி, கல்லறைத் தோட்டத்தின் பெயர், கட்டணம். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்து ஏட்டுக்குப் போனோம். குழி எண் கிடைத்தது. அதே குழியில் வேறு யார் என்று பார்த்தபோது, சொந்தம் யாரும் இல்லாத ஒரு முதியவரின் பெயர் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஏட்டின் மேல் விரலை வைத்து, "அப்படியானால் தனியாக இல்லை" என்றார். அடுத்த வாரம் இரண்டு பூங்கொத்து வாங்கிப்போனதாகப் பிறகு சொன்னார்.

இப்படித் தேடும் தாய்மாருக்கு 1978-இல் தொடங்கிய சாண்ட்ஸ் என்ற அமைப்பு இன்றும் வழிகாட்டுகிறது. ஓல்டம் நகருக்கு அருகே ராய்ட்டன் கல்லறைத் தோட்டத்தில் ஒரே பொதுக்குழியில் 300 பேருக்கு மேல் அடக்கமாகியிருந்தது 2024-இல் வெளிவந்தது. பெரும்பாலோர் குழந்தைகள், அவர்களில் பலர் இறந்தே பிறந்தவர்கள். அதை வெளிக்கொணர்ந்தது அரசோ பல்கலைக்கழகமோ அல்ல. தன் உடன்பிறந்த இரட்டையரைத் தேடிப்போன ஒரு பெண்.

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. பிரான்சில் 1806 ஜூலையில் நெப்போலியன் ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. பதிவு செய்யுமுன் இறந்துவிட்ட குழந்தையைக் கொண்டுவந்தால், அது உயிரோடு பிறந்ததா இல்லையா என்ற வழக்குக்குள் அதிகாரி போகவேண்டாம். 'உயிரற்ற நிலையில் காட்டப்பட்டது' என்று இறப்புப் பதிவேட்டில் எழுதினால் போதும். நெதர்லாந்திலும் அத்தகைய குழந்தை இறப்புப் பதிவேட்டில்தான் ஏறும். இரு நாடுகளிலும் குடும்ப வரலாறு தேடுகிறவர் இருநூறாண்டு பின்னோக்கிப் போய் இக்குழந்தைகளைக் காணமுடிகிறது. ஓவியர் வின்சென்ட் வான்கோ 1853 மார்ச் 30 அன்று பிறந்தார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1852 மார்ச் 30 அன்று, அதே வீட்டில் ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. அதன் பெயரும் வின்சென்ட் வான்கோ. தந்தை ஸுண்டெர்ட் என்ற ஊரில் போதகர். கோயில் வளாகத்தில் அந்தக் குழந்தைக்குக் கல் நட்டுப் பெயர் வெட்டினார். தன் பெயர் பொறித்த கல்லைப் பார்த்தே அந்தச் சிறுவன் வளர்ந்தான் என்பதை வைத்து உளவியலார் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. 1852-இல் ஒரு தகப்பன் மூச்சு விடாத மகனுக்குப் பெயர் வைத்துக் கல்லும் நட்டான் என்பதே எனக்குப் போதும்.

அயர்லாந்தில் இதற்கு நேர்மாறு. ஞானஸ்நானம் பெறாத குழந்தை சொர்க்கமும் நரகமும் அல்லாத 'லிம்போ' என்ற இடத்துக்குப் போகும் என்று கத்தோலிக்க மரபில் நம்பினார்கள். கோயில் நிலத்தில் இடமில்லை. தகப்பன்மார் இரவில், விளக்கை மறைத்துக்கொண்டு, பாழடைந்த கோட்டை மேட்டிலோ கடற்கரை ஓரத்திலோ வயல் எல்லையிலோ புதைத்தார்கள். 'கில்லீன்' என்று அந்த இடங்களுக்குப் பெயர். ஏடு இல்லை, பெயர் இல்லை, தலைமாட்டில் ஒரு காட்டுக்கல் மட்டும். அங்கே குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு ஊர்ப் பெரியவரின் சுட்டுவிரலைத் தவிர வேறு ஆவணம் இல்லை. 2007-இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம், அக்குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என அறிக்கை தந்தது. இறந்தே பிறந்தவர்களுக்கான தனிப் பதிவேடு அயர்லாந்தில் 1995-இல்தான் தொடங்கியது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 'பிறப்பு' என்றால் உயிரோடு பிறத்தலும் இறந்தே பிறத்தலும் என்று அது சொல்கிறது. பிரான்ஸ் இறப்பில் வைத்ததை, இங்கிலாந்து தனியே ஒதுக்கியதை, நம் சட்டம் பிறப்பில் சேர்த்திருக்கிறது. 28 வாரம் நிறைந்த குழந்தை இறந்து பிறந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கு மூன்றாம் எண் படிவம். ஒன்பதாம் எண் பதிவேடு. பிறந்த சேதி சொல்லும் படிவம் 1, இறந்த சேதி சொல்லும் படிவம் 2 இரண்டையும் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் எல்லாரும். மூன்றாம் படிவத்தைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? வீட்டிலோ வழியிலோ நேர்ந்துவிட்டால் அதற்கும் ஒரு பதிவு உண்டு என்று நம் குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. மாணவர்களே, உங்களில் யாராவது ஆய்வுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தால், உங்கள் ஊராட்சியில் ஒன்பதாம் பதிவேடு எப்படி இருக்கிறது என்று போய்க் கேளுங்கள்.

அதற்கு முந்தைய காலத்துக்கு, 1899-இல் வந்த சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ்க் கிராம முன்சீப் எழுதிய பிறப்பு இறப்புக் கணக்குகள் உண்டு. அவற்றில் இந்தக் குழந்தைகளை நம்பித் தேட முடியாது. நமக்கு வேறு வகை ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று, பெயர். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்பார்கள்; மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்பார்கள்; யாரிடமோ தானமாகப் பெற்றதுபோல் பிச்சை என்பார்கள். ஒரு வம்சாவளியில் இந்தப் பெயர் வந்தால், அதற்கு மேலே ஒரு வெற்றிடம் இருக்கக்கூடும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டது. அவள் இறக்கி வைக்காத பாரத்தை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்று நட்ட கல். அந்தக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய பதிவேடு எந்த நாட்டிலும் நான் கண்டதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது இவற்றைப் பிடுங்கி ஓரமாகப் போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

புறநானூற்றின் 74-ஆம் பாட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சோழனிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டு அது. இறந்து பிறந்த குழந்தையையும், உருப்பெறாத தசைப்பிண்டத்தையும்கூட ஆள் அல்ல என்று விட்டுவிடாமல் வாளால் கீறி அடக்கம் செய்த மறக்குடி வழக்கத்தை அவன் நினைவுகூர்கிறான். மானத்தைச் சொல்ல வந்த பாட்டென்று காலமெல்லாம் படித்திருக்கிறோம், அது சரிதான். வாசிப்புக் கூடத்தில் இத்தனை பேருக்காகத் தேடிய பிறகு எனக்கு வேறொன்றும் கேட்கிறது. மூச்சு விடாமல் வந்ததும் ஓர் ஆள்தான் என்று, ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் கணக்கில் வைத்திருந்தார்கள்.

1990-களின் நடுவில் ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் தேடிக் கொடுக்கிறேனே, என் வீட்டுப் பிள்ளையை ஏன் தேடவில்லை என்று தோன்றியது. ஆச்சி அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். எப்போது என்று கேட்டேன். "பெரியவனைப் பள்ளிக்கூடத்துல சேத்த வருசம். ஐப்பசி. வெளக்குக்கு மண்ணெண்ணெய் கெடைக்காது" என்றாள். பெரிய மாமா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் 1943 இருந்தது. யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காததும் ஒத்துவந்தது. இடம்? பின்கட்டில் நாரத்தை மரம் நின்ற மூலை. மரம் இப்போது இல்லை. கிராமக் கணக்கில் எதுவும் இல்லை. ஆகவே ஏந்திய கையைத் தேடினேன்.

ஊர் மருத்துவச்சி இறந்து பல காலம் ஆகியிருந்தது. அவர் மகள் பக்கத்து ஊரில் இருந்தார், அறுபதைக் கடந்தவர். என் ஆச்சி பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தாயி. வெளக்கு இல்லாம, அரிக்கேன் இரவல் வாங்க என்னைத்தான் ஓடவிட்டாக. விடியக்காலம் எங்கம்மை வெறுங்கையோட வந்தா. கூலி வாங்கலை. படியில உக்காந்து அழுதா. பொம்பளப் பிள்ளை, தலை நெறைய முடின்னு சொல்லிச் சொல்லி அழுதா."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: பெண். ஐப்பசி, 1943. தலை நிறைய முடி.

ஆச்சியிடம் வந்து சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏளா, யாரு சாடைன்னு சொன்னாளா?" என்று கேட்டாள்.

நான் அதைக் கேட்டு வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பவும் போனேன்.